வந்தவருக்குப் போட்ட இரண்டாவது வாக்கு

கடந்த ஞாயிற்றுக்கிழமை கனடாவின் மில்லிக்கன் பகுதியில், ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்றில் பிரேதப் பரிசோதனை நடந்தது. பதற வேண்டாம் — இறந்தது ஒரு தேர்தல்.

பேஸ்மென்ற் நடேசு மாஸ்டருடையது. இறந்த தேர்தலும் அவருடையதுதான்.

ஆறு நகரசபைகளைச் சேர்த்துக் கட்டி ஒரே ரொறன்ரோ ஆக்குகிறார்கள் அல்லவா? அந்தப் புதிய சபைக்கு எங்கள் வட்டாரத்தில் போட்டியிட்ட ஒரே தமிழர் மாஸ்டர். எங்கள் கடைகள் இருக்கும் பிளாஸாவுக்கு முன்னால், வயதானவர்கள் கார்களுக்கு நடுவே ஓடிக் கடக்கிற பெருந்தெருவுக்கு ஒரு பாதசாரி லைட் வேண்டும். அவருடைய ஒரே வாக்குறுதி அதுதான். அதற்காகத் தொழிற்சாலை வேலையை விட்டார். அவருடைய மனைவி அவரோடு பேசுவதை விட்டார்.

நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், இருந்து ஓய்வுபெற்ற உத்தியோகத்தன். ஊரில் எத்தனையோ வாக்குப்பெட்டிகளுக்கு அரக்கு முத்திரை வைத்தவன். இங்கே தேர்தல் நடக்கும்போது சும்மா இருப்பேனா? விதிமுறைகளை வாங்கிவந்து, வரி விடாமல் படித்தேன்.

சபையில் வட்டாரத்துக்கு இரண்டு கதிரைகள். ஆகவே ஆளுக்கு இரண்டு வாக்குகள். ஒரு கதிரை பழைய கவுன்சிலர் அம்மையாருக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மற்றக் கதிரைக்குத்தான் போட்டி — மாஸ்டருக்கும், வீடு விற்கும் ஃபிராங்குக்கும்.

சூட்சுமம் எங்கே இருக்கிறது? இரண்டு வாக்குத் தருகிறார்களே தவிர, இரண்டையும் போட்டே ஆகவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை! ஒன்றை மாஸ்டருக்குப் போட்டுவிட்டு மற்றதை வெறுமையாக விட்டால்... ஃபிராங்குக்கு நம் பக்கத்திலிருந்து எதுவும் போகாது. பிளாஸா சாப்பாட்டுக்கடையின் பின்னறையில், கரும்பலகை வைத்து விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்படி ஒரு தலையாட்டலை நான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில்கூடக் கண்டதில்லை.

ஃபிராங்க் வென்றார். வாக்கு வித்தியாசம் ஒரு கல்யாண மண்டபத்தைக்கூட நிரப்பாது.

அதனால்தான் பரிசோதனை. நானே தலைமை தாங்கினேன்.

"மாஸ்டருக்குப் போடாத ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

ஒரு கையும் எழவில்லை. நல்லது.

"மற்ற வாக்கை வெறுமையா விட்ட ஆக்கள்?"

அதற்கும் ஒரு கையும் எழவில்லை.

கையில் இருந்த மட்டன் ரோலைக் கீழே வைத்துவிட்டு, ஈஸ்வரி அன்ரிதான் முதலில் வாய் திறந்தார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. உவர் ஃபிராங்க் எங்கட பெடியன்ர கலியாணத்துக்கு வந்தவர். கடைசிப் பந்தி முடியுமட்டும் நிண்டவர். அந்த மனுசன்ர விசேசத்துக்கு நாங்கள் போகாமல் விடலாமே?"

"அன்ரி, அது விசேசம் இல்லை. தேர்தல்!"

"அவருக்கு அது விசேசந்தானே?"

விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினேன். விசேசம் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அடுத்தது டிரைவிங் பழக்கும் பாலா. "என்ர அப்பான்ர செத்தவீட்டுக்கு, கொட்டுற ஸ்னோவுக்குள்ள வந்தவர் அண்ணை. சொந்தக்காரரே வரேல்லை."

"வேட்டியோட வேற வந்தவர்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஓம், வேட்டி அவிழப் பாக்க நான்தானே பெல்ட் கட்டிவிட்டனான்!"

பேஸ்மென்ற் குலுங்கியது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அரசியல் பண்டிதர்கள் வாக்காளரை இடது, வலது என்று பிரிக்கிறார்கள். நம்மவரை அப்படிப் பிரிக்க முடியுமா? நமக்கு இருப்பது இரண்டே கட்சிகள் — நம் வீட்டுக்கு வந்தவர், வராதவர்.

"இவ்வளவு பாடுபட்ட மாஸ்டரை ஒருக்கா யோசிச்சுப் பாத்தீங்களே?" என்று அதட்டினேன்.

அப்போதுதான் மூலையில் இருந்த மாஸ்டர் செருமினார்.

"அண்ணை... ஒண்டை எனக்குத்தான் போட்டனான்."

"அதுக்கென்ன? மற்றது?"

"என்ர மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு அல்பத்தில முதல் படமே ஃபிராங்க்தான். வாக்குப்பெட்டிக்கு முன்னால நிக்கேக்க அந்தப் படம் கண்ணுக்குள்ள வந்திட்டுது..."

வேட்பாளரே! தனக்கு எதிராக! என் இத்தனை வருட அனுபவத்தில் கள்ள வாக்கைப் பிடித்திருக்கிறேன். இப்படி ஒரு நல்ல வாக்கை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

"அப்ப லைட்?" மாஸ்டரின் மனைவி கேட்டார். தேர்தல் தொடங்கியதிலிருந்து அவர் கணவரோடு பேசிய முதல் வார்த்தை.

மாஸ்டர் தலைகுனிந்தார். ஈஸ்வரி அன்ரி விடவில்லை.

"ஏன் கவலைப்படுறியள்? அவர் வந்தவர், நாங்கள் வாக்கோட போனம். இனி அவரின்ர முறை. வெறுங்கையோட வரட்டும் பாப்பம்! அவரின்ர பதவியேற்புக்கு எல்லாரும் போய், லைட் எங்க எண்டு முகத்துக்கு நேர கேப்பம்."

மாஸ்டர் நிமிர்ந்தார். "நானே கேக்கிறன்" என்றார். மனைவி அவருக்குத் தேநீர் ஊற்றினார்.

கூட்டத்தை முடிக்க எழுந்தேன். பாலா விடவில்லை.

"அண்ணை, நீங்கள் ரெண்டாவதை ஆருக்குப் போட்டனீங்கள்?"

"வாக்கு இரகசியமானது. அதுதான் சட்டம்," என்றேன் கண்டிப்பாக.

"அப்ப எங்களைக் கைதூக்கச் சொன்னது?"

நடைமுறை தெரியாதவர்களோடு வாதாடி என்ன பயன்? கோட்டை மாட்டிக்கொண்டு படியேறிவிட்டேன்.

பதவியேற்புக்கு நானும் போகிறேன். போகாமல் முடியுமா... ஃபிராங்க் எங்கள் புது வீட்டுக் குடிபூரலுக்கு வந்தவர்.