அப்பாவுக்கு வாசித்த பேய்க்கதை

அம்மா இறந்த பிறகு, சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். சுரங்கத்தில் வேலை பார்த்தவர் அவர். நெஞ்சில் தூசி கட்டிப்போய்க் கட்டிலோடு கிடந்தார். பார்வையும் மங்கிவிட்டது. வாரமெல்லாம் வேலைக்காகப் பெங்களூருக்கு ரயிலேறும் எனக்கு ஞாயிறு மட்டும்தான் வீடு. அன்று மதியம் ஏதாவது வாசித்துக் காட்டுவேன்.

அப்படித்தான் அந்தத் திகில் நாவலை வாங்கி வந்தேன். பழைய பங்களாவுக்குக் குடிவரும் புருஷன் பெண்டாட்டி. வெளியிலிருந்து எண்ணினால் வீட்டுக்கு ஒரு ஜன்னல் அதிகம். தரைக்கடியில் யாரோ தட்டும் சத்தம்.

"நிறுத்து. அத்த மறுபடி படி," என்றார் அப்பா. படித்தேன்.

"அவன் திருப்பித் தட்னானா?"

"இல்லப்பா. கதவச் சாத்திட்டு ஓடறான்."

"தட்டணும். அப்பதான மேல ஆளு இருக்குதுன்னு கீழ இருக்கறவனுக்குத் தெரியும்."

அதன் பிறகு வாரா வாரம் அவரே கேட்டார், கீழே யாரென்று தெரிந்ததா என்று. கடைசி அத்தியாயத்தில் ஒரு டாக்டர் வந்தார். எல்லாம் அந்தப் பெண்ணின் மனப்பிரமை, மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்றார். ஜன்னலைப் பற்றிப் பேச்சே இல்லை. கதை முடிந்தது.

"அப்ப கீழ யாரும் இல்லியா?"

"இல்லப்பா."

"இன்னாம்மா இது," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டீ கொடுக்கப் போனபோதுதான் சொன்னார். ஒருமுறை சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சரிந்து பாதை மூடிக்கொண்டதாம். மறுபக்கம் மாட்டிக்கொண்டவன் எங்கள் லைன்காரன். இரும்புக் குழாயில் தட்டிக்கொண்டே இருந்தானாம்.

"நாங்களும் தட்டிக்கினே இருந்தோம். கல்ல வாரிப் போட்டுக்கினே தட்னோம். அப்புறம் அந்தப் பக்கம் சத்தம் நின்னுபோச்சு."

"அவர் சம்சாரத்துக்குத் தெரியுமா?"

"உடனே போய்ட்டான்னு சொன்னோம். உங்கம்மாகிட்டகூட நான் சொல்லல."

டீ ஆறிக்கொண்டிருந்தது. நாவல் எழுதியவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்த வீட்டுக்கடியில் ஒருவரையாவது அவர் வைத்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு ஒரு நகைச்சுவைக் கதைப் புத்தகம் வாசித்தேன். சிரிப்பு வரும் இடங்களில் தலையை ஆட்டினார், எனக்காக. பாதியிலேயே போதும் என்றுவிட்டார். மழைக்காலம் முடிவதற்குள் அவரும் போய்விட்டார்.