மீட்டருக்குள் இரண்டு கீறல்

மருதையன் அண்ணன் எதையும் மறக்காத மனுஷன். நல்லதையும் மறக்க மாட்டார், கெட்டதைக் கொஞ்சம் கூடுதல் பத்திரமாக வைத்திருப்பார். தலத்தெருவில் என் சீட் கவர் தையல் கடைக்கும் அவருடைய மீட்டர் கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். கார்களின் டேஷ்போர்டைப் பிரித்துச் சரிசெய்வது அவர் தொழில். வேகம் காட்டும் முள், பெட்ரோல் முள், சூடு காட்டும் முள், எது படுத்தாலும் அவரிடம்தான் வரும். வீடு கோட்டுச்சேரியில். அங்கிருந்து கடைக்கு வர நேர் வழி இருக்கிறது. அவர் அதில் வர மாட்டார். தெட்சிணாமூர்த்தியின் பழைய கார் விற்கும் யார்டு இருக்கும் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு, அந்த வாசலில் மொபெட்டை மெதுவாக்கி, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வருவார். மழையென்றும் வெயிலென்றும் பாராமல் பதினைந்து வருஷம் இப்படி.

காரணம் ஊருக்கே தெரியும். 2010-இல் அலாவுதீன் நானா துபாயிலிருந்து திரும்பிய புதிதில், அவருடைய வாப்பா வைத்திருந்ததைப் போல ஒரு ஃபியட் கார் வேண்டுமென்று தேடினார். தெட்சிணாமூர்த்தி ஒன்றைக் காட்டினார். அறுபதுகளின் வண்டி, மீட்டரில் முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான். ஒரே குடும்பம், ஒரே கை என்று சொல்லி விற்றார். இரண்டே மாதத்தில் இஞ்சின் உட்கார்ந்தது. பிரித்துப் பார்த்த மெக்கானிக், இது தொண்ணூறாயிரத்துக்குக் குறையாமல் ஓடிய வண்டி, மீட்டரை யாரோ பின்னுக்குத் திருப்பியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

அலாவுதீன் நானா நேரே யார்டுக்குப் போய் நின்றார். தெட்சிணாமூர்த்தி கண்ணில் தண்ணீரே விட்டாராம். "எனக்கு என்னங்க தெரியும்? முள்ளு ஆடுதுன்னு மருதையன்கிட்ட ரிப்பேருக்குக் குடுத்தேன். அவன் பண்ணுன வேலயாத்தான் இருக்கும்."

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், டீ குடித்துக்கொண்டிருந்த நாற்பது ஐம்பது பேர் பார்க்க, அலாவுதீன் நானா மருதையன் அண்ணனைக் கன்னத்தில் அறைந்தார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார். பேசாததையே ஒப்புக்கொண்டதாக ஊர் எடுத்துக்கொண்டது. பொய் சொல்வானேன், நானும் பாதி அப்படித்தான் நினைத்தேன். தெட்சிணாமூர்த்தி அன்று மத்தியானமே வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, யோக்கியன் என்று பெயர் வாங்கினார். அண்ணனுக்கு 'திருப்பி' என்று பட்டம் வந்தது. அந்த வருஷம் அவர் மகள் எழில்மதிக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் முறிந்தது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அப்புறம் நான்கு வருஷம் கழித்து அந்தப் பெண்ணுக்கு நல்ல இடத்தில்தான் ஆயிற்று, ஆனால் அந்த நான்கு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

போன மார்கழியில் ஒரு காலை, அதே ஃபியட்டை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெட்சிணாமூர்த்தி எங்கள் வாசலில் வந்து இறங்கினார். பழைய கார் பிரியர்கள் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்து, அதற்கு அவரே தலைவர். தை மாதம் கடற்கரைச் சாலையில் கண்காட்சி. வெளியில் வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. டேஷ்போர்டுதான் பார்க்கச் சகிக்கவில்லை. மீட்டர் கண்ணாடி மஞ்சளித்து, எண்கள் உரிந்து, குரோம் வளையத்தில் புள்ளி புள்ளியாகத் துரு. பெட்ரோல் முள் அடியில் செத்துக் கிடந்தது.

"என்ன மருதையா, சௌக்கியமா? நான் பழசெல்லாம் மனசுல வச்சுக்கிறதில்ல. ஒன்ன மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. அன்னிக்குக் கெடுத்த கையே இன்னிக்குச் சரி பண்ணட்டும். மைக்குல இதத்தான் சொல்லப் போறேன். சிறப்பு விருந்தாளியே நம்ம அலாவுதீன் பாய்தான். எப்படி இருக்கும்?"

துணி வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தரிக்கோலோடு வெளியே வந்துவிட்டேன். மன்னிக்கிறானாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் புதுப் பெயின்டில் ஒரு கோடு இழுத்திருப்பேன். அண்ணன் என்னைப் பார்வையாலேயே நிறுத்தினார்.

"வண்டிய உள்ள தள்ளுங்க," என்றார். அவ்வளவுதான்.

ஆள் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கினார். எனக்குப் புரியவில்லை. "என்னண்ணே, இவனுக்குப் போய் வேல செய்யப் போறீங்களா?"

"ரிஃபானா, இந்த மீட்டருக்காகத்தான் நான் பதினஞ்சு வருஷமா வாய மூடிக்கிட்டு இருக்கேன்."

மீட்டர் வேலை செய்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு மீட்டரைத் திறந்தால், மூடுவதற்கு முன் அதன் தகரக் கிண்ணத்தின் உள்பக்கத்தில் ஊசியால் கீறி வைப்பார்கள். தேதி, திறக்கும்போது அது காட்டிய கிலோமீட்டர், தன் பெயரின் முதல் எழுத்து. அடுத்துத் திறப்பவனுக்குத் தெரிவதற்காக. கடுகளவு எழுத்து, வண்டிக்காரனுக்குத் தெரியவே தெரியாது. முள் ஆடுகிறது என்று வந்தபோது அண்ணனும் கீறியிருக்கிறார். தெட்சிணாமூர்த்தி கொடுத்தபோது மீட்டர் என்ன காட்டியது என்பதற்கு அதுதான் சாட்சி என்று, அடி வாங்கி நின்றபோது ஞாபகம் வந்திருக்கிறது. ஆனால் வண்டி அதற்குள் யார்டுக்குப் போயாயிற்று; வாய்விட்டுச் சொன்னால் தெட்சிணாமூர்த்தி அன்றைக்கே உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்துவிடுவான். அதனால் விழுங்கிக்கொண்டார். வண்டி விலை போய்விட்டதா, யார்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கத்தான் தினமும் அந்தத் தெரு. நான் என்னமோ கோபத்தில் முறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வளையத்தின் மடிப்பைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் மில்லி மில்லியாக நிமிர்த்தினார். கண்ணாடி வந்தது, முள் வந்தது, எண் தகடு வந்தது. கிண்ணத்தை விளக்கடியில் சாய்த்து லென்ஸை வைத்தார். அவர் கீறியது அப்படியே இருந்தது. 12-3-10, 91640, ம.

"வந்துட்ட," என்றார் அந்தக் கிண்ணத்தைப் பார்த்து.

அப்புறம் லென்ஸை இன்னும் கொஞ்சம் நகர்த்தியவர் அசையாமல் நின்றுவிட்டார். கீழே இன்னொரு கை. 26-3-10, 91655, க.

இரண்டு வாரம் கழித்து வேறு ஒருவன் திறந்திருக்கிறான். அப்போதும் மீட்டர் தொண்ணூற்றோராயிரத்தைத் தாண்டித்தான் காட்டியிருக்கிறது. முப்பத்தெட்டாயிரம் அவன் கையால் வந்தது. திருட்டு வேலை செய்யப் போனவன், பழக்க தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். அண்ணன் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை, நல்ல சிரிப்பும் இல்லை அது.

இந்தப் பக்கத்தில் மீட்டர் வேலை தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். 'க' என்றால் மயிலாடுதுறை கருப்பையன். மறுநாளே பஸ் ஏறினோம். ஆள் தொழிலை விட்டுவிட்டுப் பேரப்பிள்ளைகளோடு இருந்தார். செல்போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டியதும் மறுக்கவில்லை.

"என் எழுத்துதாங்க. இஞ்சின மாத்திட்டேன், மீட்டரையும் அதுக்குத் தக்க வைன்னு தெட்சிணாமூர்த்தி சொன்னாரு. செஞ்சேன். உள்ள போனா எழுதாம மூட இந்தக் கைக்கு வராதுங்க. ஒங்க மேல பழி விழுந்தது இன்னிக்குத்தான் தெரியும்."

"கண்காட்சிக்கு வந்து இதையே சொல்லணும்," என்றார் அண்ணன். கருப்பையன் வருகிறேன் என்றார். வந்துதான் ஆக வேண்டும் என்கிற மாதிரி அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

மூன்று வாரம் அந்த டேஷ்போர்டை இழைத்தார். எண்களை மயிரிழைத் தூரிகையால் ஒவ்வொன்றாக எழுதினார். முள்ளுக்குப் பழைய அதே ஆரஞ்சு நிறம் வரும்வரை ஏழு தடவை கலந்தார். வளையத்துக்குக் குரோம் போட்டு வாங்கி, கண்ணாடியை மெருகேற்றி, உள் விளக்கின் பச்சை வெளிச்சத்தைக்கூடக் கொண்டுவந்தார். பெட்ரோல் முள் துள்ளி எழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "அவனுக்கா இவ்வளவு பாத்துப் பாத்து?"

"கூட்டம் குனிஞ்சு பாக்கணும், தங்கச்சி. அழகா இருந்தாத்தான் குனிவாங்க."

தெட்சிணாமூர்த்தி பார்க்க வந்தபோது அவர் முகத்தில் ஒரே பூரிப்பு. அண்ணன் பவ்யமாகச் சொன்னார். "வேக மீட்டர மட்டும் வண்டியில மாட்ட வேணாங்க. கிண்ணம் வேற, தகடு வேறயா மேசையில தொறந்து வைப்போம். பக்கத்துல ஒரு லென்ஸு. உள்ள வரைக்கும் சுத்தம்னு நீங்களே கூப்பிட்டுக் காட்டலாம். எந்த ஊர்லயும் இப்படி யாரும் வச்சதில்ல."

"பிரமாதம்," என்றார் அவர். கிண்ணத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார், வெளிப்பக்கத்தை. பளபளப்பைத் தாண்டி எதையும் பார்த்துப் பழகாத மனுஷன்.

கண்காட்சி அன்று கடற்கரைச் சாலையில் இருபது வண்டிகள். நான் கருப்பையனை நாற்காலியில் உட்காரவைத்துப் பக்கத்தில் நின்றேன். குஞ்சம்மா அண்ணி வரவில்லை. 'திருப்பி பொண்டாட்டி' என்று கேட்டதிலிருந்து கூட்டத்துக்கே வருவதில்லை. தெட்சிணாமூர்த்தி மைக்கைப் பிடித்தார். ஏமாந்த கதை, வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்ட பெருந்தன்மை, தப்பு செய்தவனை மன்னித்து அவன் கையிலேயே வேலை கொடுத்த மனசு, எல்லாம் சொன்னார். கைதட்டினார்கள். அண்ணன் கைகட்டி நின்றார். "உள்ள வரைக்கும் பாருங்க, பாய். ஒளிவு மறைவே கெடையாது," என்று லென்ஸைத் தெட்சிணாமூர்த்தியே எடுத்து அலாவுதீன் நானா கையில் கொடுத்தார்.

நானா குனிந்தார். நிமிரவில்லை. "ஏதோ எழுதியிருக்கே," என்றார்.

"சத்தமாப் படிங்க நானா," என்றார் அண்ணன்.

படித்தார். இரண்டு வரிகளையும். மைக் பக்கத்திலேயே இருந்ததால் கடைசி வண்டி வரை கேட்டது. அண்ணன் மூன்று வாக்கியத்தில் அதன் அர்த்தத்தைச் சொன்னார். "வண்டி ஒங்க கைக்கு என்னிக்கு வந்துச்சு?" என்று கேட்டார்.

"மார்ச் மாசம், இருபத்தெட்டு," என்றார் நானா. வாப்பா நினைவாக வாங்கிய வண்டியின் தேதி அவருக்கு மறக்குமா.

கருப்பையன் எழுந்து நின்று, "க நான்தாங்க, சொன்னது அவருதான்," என்று கை நீட்டினார். தெட்சிணாமூர்த்தி கிண்ணத்தைப் பிடுங்கப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். முந்தானைக்குள் போட்டுக்கொண்டேன், எவன் கை வைப்பான்? அவர் என்னென்னவோ உளறினார். மைக்கை யாரோ அணைத்தார்கள். சங்கத்துக்காரர்கள் அங்கேயே ஒதுங்கி நின்று பேசி, தலைவர் பதவியை அன்றே பிடுங்கினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்தது, மறைப்பானேன்.

அலாவுதீன் நானா கண் கலங்கி அண்ணன் கையைப் பிடித்தார். "மருதையா, என்ன மன்னிச்சிடுப்பா."

அண்ணன் கையை உருவிக்கொண்டார். "அடிச்சது பஸ் ஸ்டாண்டுல, நானா. மன்னிப்பும் அங்கயே வந்து கேளுங்க."

அதோடும் விடவில்லை. அந்தக் கீறல்களைப் படமெடுத்து ஆளுயரத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்து, யார்டுக்கு நேர் எதிரே ஒரு வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கிக் கட்டினார். தெட்சிணாமூர்த்தி தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டைத் திறக்க வேண்டும். அண்ணன் இப்போதும் அந்தத் தெரு வழியாகத்தான் வருகிறார், ஹாரன் அடித்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அலாவுதீன் நானா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். அதே டீக்கடை வாசல். அண்ணன் குஞ்சம்மா அண்ணியைப் பட்டுச்சேலை கட்டவைத்துக் கூட்டி வந்திருந்தார். நானா எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல்லி, கைகூப்பி, நான் செய்தது தப்பு என்றார். அண்ணன் சுற்றியிருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அப்புறம் அண்ணி பக்கம் திரும்பி, "எப்படி?" என்பதுபோல் சிரித்தார்.

அண்ணி சிரிக்கவில்லை. "உள்ள எழுதி வச்சிருக்கேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அன்னிக்கே அவன் வாசல்ல போய் நின்னு கத்தியிருப்ப. அவன் தேச்சு அழிச்சிருப்பான்."

"கத்தியிருப்பேன். நீங்க கத்தலையேன்னுதான், நீங்கதான் பண்ணுனீங்கன்னு நெனச்சேன். பதினஞ்சு வருஷமா அப்படி நெனச்சுக்கிட்டேதான் ஒங்களுக்குச் சோறு போட்டேன்."

கோட்டுச்சேரி பஸ் வந்தது. அண்ணி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். அண்ணன் ஏறவில்லை. நானா அன்று அறைந்த கன்னத்தைத் தடவிக்கொண்டு, பஸ் போன பக்கமே பார்த்து நின்றார்.