நான் கொண்டுபோன சீலை

என் மகள் ஒஸ்லோவில் ஒரு தொண்டு அலுவலகத்தில் வேலை செய்தாள். தன்சானியாவில், மிருகங்களைக் காவல்போட்டு வைத்திருக்கிற பெரிய காடு ஒன்றின் ஓரத்துக் கிராமத்துக்கு அந்த அலுவலகம் உதவி செய்து வந்தது. யானை பார்க்க வருகிறவர்கள் அந்தக் கிராமத்துக்கும் வருவார்கள். பெண்கள் பாடிக் காட்டுவார்கள். முறை வைத்து வீடு திறந்து காட்டுவார்கள். அதில் வருகிற காசை ஊர்ச்சபை, முறையில் இருக்கிற வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். ஒரு கோடை விடுமுறைக்கு மகள் என்னையும் அங்கே கூட்டிப் போனாள். ஒஸ்லோவில் எங்கள் குரோருட் பக்கத்துத் தமிழ்க் கடையில் ஒரு பச்சை நூல் சீலை வாங்கி நான் பெட்டியில் வைத்தேன். கலியாண வீட்டுக்கோ போகிறீர்கள் என்று மகள் பகிடி பண்ணினாள். யாருக்கும் தனியாக எதுவும் கொடுக்கக்கூடாது, அது சபையின் சட்டம் என்றும் சொன்னாள். ஓம் என்றேன். ஆனால் ஒரு வீட்டுப் படியை முதன்முதலாக மிதிக்கும்போது வெறுங்கையோடு போய் எனக்குப் பழக்கமில்லை. ஒஸ்லோவுக்கு அகதியாக வந்த நாளிலும் நான் அப்படிப் போனதில்லை.

அன்று முறை ஒரு விதவைப் பெண்ணுடையது. என் வயது இருக்கும். மற்றவர்கள் பார்த்து முடித்து வெளியே போனபின் நான் பின்தங்கினேன். சீலையைக் கொடுத்தேன். அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்கினார். எப்படி உடுப்பது என்று கையால் கேட்டார். அந்தப் புகை இருட்டில் நின்று முன்னுக்குக் கொய்யகம் மடித்து வைத்து உடுத்திவிட்டேன். எனக்குப் பால் காய்ச்சித் தந்தார். அது வந்தவர்களுக்குக் காட்டக் காய்ச்சுகிற பால் அல்ல, தனக்கென்று வைத்திருந்தது.

அங்கே மழைக்காலம் தொடங்கி, இங்கே ஐந்து மணிக்கே இருட்டுகிற நாட்களில், மகள் வேலையால் வந்து மேலங்கியைக் கழற்றாமலே, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து நின்றாள்.

"அம்மா, அந்தப் பச்சைச் சீலையை நீங்கள் அவவுக்குக் குடுத்தனீங்களோ?"

"ஓம். அதுக்கென்ன?"

"அவ அதை உடுத்துக்கொண்டு, பாக்க வந்த ஆக்களுக்கு முன்னாலை நிண்டிருக்கிறா. ஒருத்தர் படம் எடுத்து, இது உண்மையான கிராமமில்லை எண்டு முறைப்பாடு எழுதியிருக்கிறார்."

சபை அந்தப் பெண்ணை முறையிலிருந்து நிறுத்தியிருந்தது. ஆடில்லை, தோட்டமில்லை, அந்த முறைதான் அவருக்குச் சாப்பாடு. சீலை யார் கொடுத்தது என்று தான் அலுவலகத்தில் வாய் திறக்கவில்லை, நீங்களும் விடுங்கள் என்றாள் மகள்.

என்னால் விட முடியவில்லை. செய்ததை மறைக்கிற வீட்டில் நான் பிறக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கை. மூன்று நாள் குசினி மேசையில் இருந்து சபைக்குக் கடிதம் எழுதினேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன், பிழை என்னுடையது, அவரை மன்னியுங்கள் என்று. மகள் வேண்டாம் என்று இரண்டுதரம் சொன்னாள். பிறகு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள். நான் விடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

பதில் தைப்பொங்கல் கழித்து வந்தது. மகள் ஒருதரம் வாசித்தாள். பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள்.

"பட்டணத்திலை இருக்கிற தங்கச்சி வேண்டித் தந்த சீலை எண்டு அவ சபையிலை சொல்லியிருக்கிறா, அம்மா. அவையளும் பாதி நம்பி, மழை முடியுமட்டும்தான் நிப்பாட்டி வைச்சிருந்தவை. உங்கடை கடிதத்தை எல்லாருக்கும் முன்னாலை வாசிச்சிருக்கினம்."

"பிறகு?"

"சட்டத்தை மீறினதோடை பொய்யும் சொன்னவ எண்டு, முறையிலையிருந்து ஒரேயடியா எடுத்துப்போட்டினம்."

இன்னொரு கடிதம் எழுதலாமோ என்று கேட்டேன். மகள் என்னைப் பார்க்காமல், இனி ஒன்றும் எழுதாதேங்கோ என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். களைத்துப்போன குரலில் சொன்னாள்.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. உண்மையைத் தலை நிமிர்ந்து சொன்னால் போதும், மற்றது தானாகச் சரிவரும் என்று. என் தலை நிமிர்ந்துதான் இருந்தது. அவருடைய சோறுதான் போனது.

அடுத்த கோடையில் மகள் அலுவலகத்தாரோடு மறுபடி அங்கே போய் வந்தாள். அந்த மனுசி எப்படி இருக்கிறா, பார்த்தாயோ என்று கேட்டேன். முறையில் இல்லாத வீடுகளுக்குத் தங்களைக் கூட்டிப்போவதில்லை என்றாள்.