பிரேக் மிதிக்க ஓர் ஆள்

என் தம்பி கத்தாரில் வேலை செய்கிறான். விடுமுறையில் ஓட்டுவதற்கென்று அவன் வாங்கிய வேக ரகக் கார், ஆலங்குடியில் எங்கள் வீட்டு வாசலில் உறை போர்த்தி நிற்கிறது. வீட்டில் இப்போது நான் மட்டுமே. வெளிநாட்டில் ஆள் இருக்கும் எங்கள் பகுதி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு: காரைத் தினமும் ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே சற்று உறுமவிட்டு அணைத்துவிடுவார்கள். நானும் அதையே செய்து, கடமை முடிந்ததாக நம்பினேன்.

இம்முறை அவன் வருவதற்குச் சில நாட்களுக்கு முன் காரின் முன்மூடியைத் தூக்கி, உள்ளே இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தேன். வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டியது கடுங்காப்பியாகக் கறுத்திருந்தது. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வேகத்தில் பிரேக் சூடானால் அந்த ஈரம் கொதித்துக் குமிழியாகும். மிதித்த கால் தரையைத் தொடும், வண்டி நிற்காது. தம்பி வேகமாக ஓட்டுபவன். புதுக்கோட்டைச் சாலையிலோ ஆடுகளும் பள்ளிப் பிள்ளைகளும் குறுக்கே வருவார்கள்.

அவனிடம் போனில் சொன்னேன்.

"ரேஸ் ஆயில் ஊத்துண்ணே. எவ்வளவு சூடானாலும் தாங்கும்."

"தாங்கும்டா. ஆனா ஈரத்தையும் சீக்கிரம் இழுக்கும். அடிக்கடி மாத்த இங்க யாரு இருக்கா?"

"அதான் நீ இருக்கியே."

கார்க் கையேட்டில் சொல்லியிருந்த 'டாட் 4' என்னும் சாதாரண ரக ஆயிலையே, சீல் உடையாத டப்பாவாக வாங்கினேன்.

ஆயில் மாற்ற இருவர் வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் சக்கரத்தருகே சிறு திருகைத் தளர்த்திப் பழைய ஆயிலை வெளியேற்ற வேண்டும். யாரை அழைப்பது? என்னோடு படித்தவர்கள் யாரும் ஊரில் இல்லை. நெடுநேரம் யோசித்து, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் கணவரும் வளைகுடாவில்தான் இருக்கிறார்.

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது தம்பி. என்னையப் போயி டிரைவராக்குறீங்களே!"

"வண்டி நகராதுக்கா. நான் சொல்ற வரைக்கும் கால எடுத்துறாதீங்க."

திருகைத் தளர்த்தினேன்.

"ஆத்தாடி, காலு உள்ள போகுது!"

"போகட்டும்க்கா. அப்படியே அமுக்கிப் புடிங்க."

"அடுத்த வீட்டுக் காருல நான் கெத்தா ஒக்காந்திருக்கறத எங்க வீட்டுக்காரரு பாத்தா சண்டைக்கு வந்துருவாரு" என்று சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "சண்டை போடவாச்சும் வரட்டும்."

நான் சக்கரத்தின் பக்கமே குனிந்திருந்தேன்.

மேலே புது ஆயிலை ஊற்றி ஊற்றி நான்கு சக்கரங்களும் முடிந்தபோது பிரேக் காலுக்குக் கெட்டியாக நின்றது. பழைய ஆயிலைத் தென்னையடியில் கொட்ட மனம் வரவில்லை. கேனில் அடைத்து ஒர்க் ஷாப்பில் சேர்த்தேன்.

தம்பி வந்தான். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காரை எடுத்தான். சாலையில் ஓர் ஆடு பாய்ந்தது, மிதித்தான், வண்டி நின்றது.

"பாத்தியாண்ணே? நீ டெய்லி ஸ்டார்ட் பண்ணதாலதான் வண்டி இப்படி இருக்கு."

கறுத்த ஆயிலைப் பற்றியும் அக்கா மிதித்ததைப் பற்றியும் சொன்னேன். அவன் பிரேக்கை இன்னொரு முறை மிதித்துப் பார்த்தான்.

"அடுத்த தடவை நீ இருக்கும்போதே மாத்துவோம். நீ மிதி, நான் திருகத் தெறக்குறேன்" என்றேன்.

"லீவு கெடச்சா பாப்போம்ணே" என்று கியரைப் போட்டான்.