எந்தத் தட்டில் வைப்பது?

கடையில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். செண்ட் விற்கும் பகுதியில் நிற்பதுதான் வேலை, ஆனால் நின்றால்தானே? துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைப்பாள், அடுக்கிய பாட்டில்களைக் கலைத்து அடுக்குவாள். முப்பது வயதுக்குள் ஐந்து வேலை மாறியவள், இந்தக் கடையில் மட்டும் பன்னிரண்டு வருஷம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அவள் வாய். எந்த செண்டைக் கொடுத்தாலும் ஒரு தரம் முகர்ந்துவிட்டு, அது எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுவாள்.

"இது கூப்பிடாமலே முதல் வரிசையில போய் உக்கார்ற ஆளு. இது போனை எடுத்தா வெக்கவே வெக்காது."

வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

அந்த வாரம் சாம்பல் நிறப் பாட்டிலில் புதிதாக ஒன்று வந்தது. ஆண், பெண் இருவருக்கும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. காலையில் அதை ஆண்கள் தட்டில் வைத்தாள். மதியம் பெண்கள் தட்டுக்கு மாற்றினாள். சாயங்காலத்துக்குள் நாலு தடவை இடம் மாறிவிட்டது.

"பாட்டிலுக்கே தலை சுத்தப் போகுதும்மா," என்றார் மேனேஜர். "அது கிடக்கட்டும். லெட்டருக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும், ஞாபகம் இருக்கா?"

இல்லாமல்? எட்டு நாளாக அது அவள் கைப்பையில்தான் இருந்தது. வேறு ஊரில் புதுக் கிளை. அங்கே இந்தப் பகுதி முழுவதற்கும் அவளே பொறுப்பு. வீட்டுக்காரரிடம் இன்னும் மூச்சு விடவில்லை. இடுப்பு வலியால் பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டு, ரெண்டு வருஷமாக ஜன்னலோர நாற்காலியே கதி என்று கிடக்கிற மனிதர். அவரைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா?

மேனேஜரிடம் கேட்டுச் சாம்பிள் பாட்டிலை வீட்டுக்கு எடுத்து வந்தாள். மணிக்கட்டில் அடித்ததும் எலுமிச்சைத் தோலும் மிளகும் சுருக்கென்று மூக்கில் ஏறின. வழக்கமாக முகர்ந்த மாத்திரத்தில் ஒரு ஆள் கண்ணெதிரே வந்து நிற்பார். இதற்கு யாருமே வரவில்லை. வீட்டுக்காரரின் கையிலும் அடித்துப் பார்த்தாள். அங்கே மிளகைக் காணோம். மழையில் நனைந்த மரக்கட்டை வாசனை.

"என்னங்க, இது எப்படிப்பட்ட ஆளு? சொல்லுங்க பாக்கலாம்."

"அது உன் வேலை. என்னை ஏன் கேக்கறே?"

"சும்மா சொல்லுங்களேன்."

அவர் தன் கையை முகர்ந்தார். அவள் கையை இழுத்து அதையும் முகர்ந்தார்.

"செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்லயே நிக்கிற ஆளு. வெளிய போறதும் இல்ல, உள்ள வர்றதும் இல்ல."

கைப்பையைத் திறந்து கடிதத்தை அவர் மடியில் போட்டாள். "எட்டு நாளாச்சுங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதைப் போய் இப்படிக் குத்திக் காட்டணுமா?"

"உன்னை யாரு சொன்னா? நான் என்னைச் சொன்னேன்."

கடிதத்தை ரெண்டு முறை படித்தார். "நானும் வர்றேனான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்கதான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்கறீங்களே!"

"எழுந்து எங்க போறதாம்? போறதுக்கு ஒரு இடம் இருந்தா எழுந்திரிக்க மாட்டேனா?"

அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. ரெண்டு வருஷமாக இதை வாய் திறந்து சொல்லாததற்கு அவரை ஒரு பிடி பிடித்தாள். எட்டு நாள் மறைத்ததற்கு அவரும் விடவில்லை. சோறு ஆறிப்போகும்வரை சண்டை நடந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

புது ஊரில் மூன்றாம் மாடியில் வீடு, லிஃப்ட் கிடையாது. முதல் மாசம் முழுக்க அவர் படிகளைத் திட்டினார். மூன்றாம் மாசம் ஒரு வேன் கம்பெனியில், எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்து அனுப்புகிற வேலை கிடைத்தது. இப்போது காலையில் அவளுக்கு முன்னால் கிளம்பிப் போய்விடுகிறார். அவளுக்குத்தான் இன்னும் இருப்புக் கொள்ளவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கட்டிலை அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு நகர்த்தினாள். அவர் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார்.