நல்ல இடத்தில் போட்ட வட்டம்

எங்கள் படகின் அடிப்பகுதி நன்றாக இருந்தது. அது கெட்டுப்போயிருக்கிறது என்று என் கணவரிடம் பொய் சொன்னேன்.

தெரியாமல் சொன்னதல்ல. தரப் பரிசோதனைதான் என் தொழில். திண்டிவனத்துக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில், நாள் முழுவதும் இது தேறும், இது தேறாது என்று பிரித்துவைக்கிறவள் நான். தேறியதைத் தேறாது என்றேன்... அதுவும், என் சொல்லுக்கு மேல் இன்னொரு சொல் கேட்கத் தோன்றாத ஒரு மனிதரிடம்.

ஒரு படகுக்காகவா இவ்வளவு என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அது ஒரு பழைய பாய்ப்படகு. ஃபைபரில் செய்தது. இரண்டு பேருக்கானது, நெருக்கி உட்கார்ந்தால் மூன்று பேர். சென்னையில் ஒரு கிளப்பில் கழித்துப் போட்டதை என் கணவர் ஏழுமலை வாங்கிவந்தார். அவர் விழுப்புரத்தில் ரயில் சிக்னல் பராமரிப்பு வேலையில் இருக்கிறார். கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் பாய் கட்டி ஓட்டக் கற்றவர். கல்யாணமான புதிதில் அவர் என்னிடம் சொன்ன ஒரே ஆசை: மோட்டார் சத்தம் இல்லாமல், வெறும் காற்றை வைத்துக்கொண்டு என்னைக் கடலுக்குள் கூட்டிப்போக வேண்டும்.

படகு ஒரு 'சின்ன யானை' மினி லாரியில், பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த பகுதியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, ஒலக்கூர் பக்கம் என் அப்பாவின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. அப்பா மல்லாட்டைக் கடலை மூட்டைகளை ஓரமாகத் தள்ளி இடம் கொடுத்தார். வேடிக்கை பார்க்க வந்த சித்தப்பா படகைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இன்னா மாப்ள, நம்ம ஏரில கால் நனையத் தண்ணி இல்ல. இத எங்க வுடப் போறீங்க?"

"மரக்காணத்துலதான் மாமா."

"அப்ப அங்கியே வெச்சிக்கினு இருந்தா இன்னா?"

"அங்க இஞ்சினியரு கெடைக்க மாட்டாங்களே," என்று ஏழுமலை என்னைக் காட்டினார்.

அந்த இடத்தில்தான் ஆரம்பித்தது என் சுகம்.

அதை எப்படிச் சொல்வேன்... துருப்பிடித்த திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துருவே பிடிக்காத எஃகுத் திருகாணிகளாக மாற்றினேன். இறுகிப்போன பழைய கப்பிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு பேரிங் வைத்த கப்பிகள் வாங்கினேன். விரலால் ஒரு தட்டு தட்டினால் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றே டீயை ஆறவிட்டிருக்கிறேன். ஆடிக்கொண்டிருந்த சுக்கானுக்கு அளவெடுத்து, கடைசல் பட்டறையில் சொல்லி, நானே வரைந்துகொடுத்த அளவில், ஆட்டத்தை நிறுத்தும் புஷ் வளையம் போட்டேன். பாயின் ஓரம் பிரிந்திருந்ததை விழுப்புரத்தில் தார்ப்பாய் தைக்கிற கடைக்குக் கொண்டுபோனபோது, கடைக்காரர் அதன் முக்கோண வடிவத்தைத் தரையில் விரித்துப் பார்த்துவிட்டு, "இது எந்த லாரிக்கும்மா?" என்று கேட்டார்.

பழைய படகுக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றைப் புதுசாக்கினால் அதற்குப் பக்கத்தில் இருப்பது பழசாகத் தெரியும். முடிவே வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒலக்கூர் பஸ்ஸில் ஏறும்போதே எனக்கு அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்று மனசுக்குள் வரிசை ஓட ஆரம்பித்துவிடும். தொழிற்சாலையில் மற்றவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பவள். கொட்டகையில் மட்டும் நானே செய்தேன்.

ஆனால் முடிவு வந்தது. ஒரு கார்த்திகையில், செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஏழுமலை பாய்மரத்தைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னார்: "தை பொறந்தா கடலு அடங்கிடும். எறக்கிடலாம். நீ முன்னாடி ஜாலியா ஒக்காந்துக்கினு வேடிக்க பாரு. மீதிய நான் பாத்துக்கறேன்."

அன்பாகத்தான் சொன்னார். ஆசையாகத்தான் சொன்னார். ஆனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் அது அவர் படகு. நான் முன்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற பெண்... அவ்வளவுதானா? இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் அதற்காகத்தானா?

ஃபைபர் படகைச் சோதிக்கும் முறை எளிது. சுத்தியலின் மரப்பிடியால் அடிப்பகுதி முழுவதும் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் டக்கென்று கெட்டியாக ஒலிக்கும். உள்ளே பிரிந்துபோன இடம் மெத்தென்று கேட்கும். அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவேன். வட்டம் போட்ட இடத்தை அவர் அறுத்துக்கொடுப்பார், ஒட்டு நான் போடுவேன். வட்டத்தை அவர் ஒரு நாளும் சந்தேகித்ததில்லை.

அடுத்த ஞாயிறு, கடைசியாக ஒரு முறை பார்த்துவிடுகிறேன் என்று தட்டினேன். படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க நடுப்பலகை தண்ணீருக்குள் இறங்குகிற பிளவுக்குப் பக்கத்தில் தட்டினேன். படகு சாயும்போது விசையெல்லாம் வந்து சேருகிற இடம் அது. அதனால் அங்கே ஃபைபர் மிகவும் தடிமன். டக்கென்று கேட்டது. என் கை வட்டம் போட்டது.

"அங்கியா?" என்றார் ஏழுமலை.

"ஆமாங்க. உள்ள விட்டுப் போயிருக்கு. மெதுவா பண்ணணும். இந்த சீசன் முடியாது."

"சரி," என்றார். அவ்வளவுதான். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை.

அப்போதே அழித்திருக்கலாம். ஈரத்துணியால் ஒரு துடை... எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். ஏன் துடைக்கவில்லை? இன்னும் ஒரு வருடம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருடம் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

மார்கழியில் எங்கள் தொழிற்சாலையில் வேலை மிகுந்தது, ஞாயிறும் போகவேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் எனக்குச் சொல்லாமல், எனக்கு மகிழ்ச்சியாக இருக்கட்டும் என்று, அவர் தனியாகப் போய் வட்டத்தைக் கிரைண்டரால் அறுத்தெடுத்து, ஒட்டும் தானே போட்டுவிட்டார்.

நான் போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெயிண்ட்கூட அடித்தாகிவிட்டது.

"ஒனக்குச் சிரமம் வேணாம்னு நானே பண்ணிட்டேன்," என்றார். கண் இமையில் இன்னும் வெள்ளைத் தூசு. "யப்பா, இன்னா கெட்டி தெரியுமா! கிரைண்டரு தகடு ரெண்டு தேஞ்சிபோச்சு. அவ்ளோ கெட்டியான எடத்துல உள்ள போயிருக்கறது ஒனக்கு எப்பிடிடீ கேட்டுச்சு?"

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? கெட்டியாக இருந்தது என்று அவரே சொல்கிறார். பொய்க்கான சாட்சியைத் தன் கையாலேயே அறுத்து எடுத்தவர், அதை என் திறமைக்கான சாட்சியாக்கி நீட்டுகிறார்...

குனிந்து ஒட்டைத் தடவிப் பார்த்தேன். கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடும்போது கிழிசலைத் தாண்டி நாலாபுறமும் துணி வைப்போம். ஃபைபரிலும் அப்படித்தான், ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, அகலமாக, அடுக்கடுக்காகப் போட வேண்டும். அவர் பள்ளத்தின் அளவுக்கே வெட்டி, மூடிபோல வைத்து, மேலே வழவழவென்று பூசியிருந்தார். பார்வைக்கு அழகு. ஒரு பக்கம் அழுத்தினால் ஓரம் விட்டுவிடும். முன்பு படகிலேயே உறுதியாக இருந்த இடம், இப்போது படகிலேயே பலவீனமான இடம்.

என் பொய் நிஜமாகிவிட்டது.

சொன்னேன். அந்த அளவுக்காவது சொன்னேன்! "ஏங்க, இந்த ஒட்டு தாங்காது. எடுத்துட்டுத் திரும்பப் போடணும்."

அவர் எதிர்வாதம் செய்யவில்லை. செய்திருக்கலாம். கையில் இருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தார். படகை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்தார்.

"அப்ப இந்த வருஷமும் இல்ல," என்றார். "சரி வுடு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அவசரப்பட்டுக் கெடுத்துட்டேன் போல."

கெடுத்துட்டேன்... அவர்!

அந்த முகத்தை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. வாயும் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"இல்லங்க... நல்லா அழுத்திப் பாத்துட்டேன். பரவால்ல. தாங்கும்."

நல்லதைக் கெட்டது என்றேன். கெட்டதை நல்லது என்றேன். முதல் பொய் எனக்காக. இரண்டாவது அவருக்காக என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அதுவும் எனக்காகத்தான். அவர் வருத்தப்படுவதைப் பார்க்கிற கஷ்டம் எனக்கு வேண்டாம் என்பதற்காக.

தையில் இறக்கினோம். மரக்காணம் பக்கத்தில் ஒரு முகத்துவாரத்துக்குள், அலை வராத தண்ணீரில். நான் மாற்றிய கப்பியில் நான் வாங்கிய கயிறு ஓடி, பாய் விரிந்து, காற்று பிடித்து, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிளம்பியபோது... இதையும் ஒப்புக்கொள்கிறேன், நான் சிரித்துவிட்டேன். எல்லாமே வேலை செய்தது. சுக்கானில் துளி ஆட்டம் இல்லை. ஏழுமலை அதை என் கையில் கொடுத்து, "பிடி, ஒன் புஷ்ஷுதான, நீயே ஓட்டிப் பாரு," என்றார். என்னை வேடிக்கை பார்க்க வைக்கும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை போலிருக்கிறது. எதற்காக அந்த வட்டத்தைப் போட்டேன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை.

படகு சாயும்போதெல்லாம் என் வெறுங்காலுக்குக் கீழே தரை மெல்ல மூச்சுவிடுவதுபோல் எழும்பி இறங்கியது. கரையேறியதும் பஞ்சால் ஒற்றி எடுத்த தண்ணீர், தெறித்து விழுந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தோன்றியது. "சாரல் தண்ணி," என்றார் அவர். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

அதன் பிறகு கடலே அவர் பேச்சாகிவிட்டது. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்: "அடியில ஓட்டையே வுழ இருந்துச்சு. இவதான் தட்டியே கண்டுபுடிச்சா." அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எம்பொண்ணுக்குப் பாம்புக் காது மாப்ள," என்கிறார்.

வரும் ஞாயிறு முகத்துவாரத்தைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போவதாக ஏற்பாடு. அப்பாவும் வருகிறார். அவருக்கு நீச்சல் கிணற்று நீச்சல்தான்.

உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்ளலாம். காற்று சரியில்லை என்று சொல்லலாம். சுக்கானின் ஆணியைக் கழற்றி ஒளித்துவைக்கலாம். வழிகளாக வரிசைப்படுத்த எனக்கு நன்றாக வருகிறது. ஒவ்வொன்றும் இன்னொரு பொய். சொல்ல வேண்டிய அந்த ஒரு வாக்கியம் மட்டும், நாக்கு வரை வந்து, அங்கேயே நிற்கிறது. சொன்னால் அவர் கோபப்படமாட்டார், அதுதான் பயம். 'ஏன்' என்று ஒரு வார்த்தை கேட்பார்.

இன்று மாலை அப்பா வந்திருந்தார். புதிதாக வாங்கிய லைஃப் ஜாக்கெட்டைச் சட்டைமேல் மாட்டிக் காட்டினார். அதன் கொக்கி வயிற்றுப் பக்கம் மாட்ட மறுத்தது. எல்லாரும் சிரித்தோம். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"மூணு பேரு ஏறுனா தாங்குமில்லம்மா?"

நான் பேசுவதற்குள் ஏழுமலை முந்திக்கொண்டார்.

"அவ பாத்துட்டா மாமா. தாங்கும்."

என் இரண்டாவது பொய்யை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் முறை. அப்பா தலையாட்டினார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.