பச்சைத் தெரு

பதினொரு வருஷமாகப் பாதாளச் சாக்கடை மூடிகளோடு குப்பை கொட்டிக்கொண்டிருந்தாள் அவள். வட்டாரத்தில் எந்த மூடி ஆடும், எது அடுத்த லாரிக்கு உடையும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஊழியர்கள் வைத்த பெயர் ‘மூடியம்மா’. வாயை மட்டும் மூடத் தெரியாதவள் என்பார் வீட்டுக்காரர்.

நகரத்தை நவீனமாக்க மாநகராட்சி ஒரு விளையாட்டுச் செயலியைக் கொண்டுவந்த பிறகு, அவள் பிழைப்பு இரண்டு நிறங்களின் கைக்குப் போய்விட்டது. பழுதைப் படம் எடுத்துப் போடும் குடியிருப்பவருக்குப் பத்துப் புள்ளி. வரைபடத்தில் அந்தத் தெரு சிவப்பாகும். நாலு மணி நேரத்துக்குள் சரிசெய்து படம் போட்டால் பச்சை, ஊழியருக்கு நட்சத்திரம். பச்சைத் தெரு வழியாக வீட்டுக்கு நடக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புள்ளி உண்டு. நட்சத்திரங்களை எண்ணித்தான் யாரை நிரந்தரமாக்குவது என்று மேலிடம் முடிவுசெய்தது. பட்டியலின் கடைசியில் அவள் பெயர் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலை ஐந்து மணியோடு பட்டியல் முடிகிறது. அதற்குள் ஒரே ஒரு தாமதம் விழுந்தாலும் பெயர் போய்விடும்.

அன்றைக்கென்று பார்த்துப் பள்ளிக்கூடத்துப் பின்தெருவில் ஒரு மூடி உடைந்தது. மழைத் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே நின்றதில் குழி இருக்கும் இடமே தெரியவில்லை. கூட வேலை பார்க்கும் ‘கம்பி’ அண்ணனைத் தடுப்போடு அங்கே நிறுத்திவிட்டு, புது மூடிக்காக ஸ்டோருக்கு ஓடினாள்.

ஸ்டோரில் சரியான அளவு மூடியைத் தேடி எடுப்பதற்குள் நேரம் ஓடிவிட்டது. கெடு மூன்று ஐம்பது. மூடியை வண்டியில் ஏற்றும்போதே மூன்று நாற்பத்தைந்து. தெருவுக்குப் போய்ச் சேர இன்னும் கால் மணி நேரம்.

“பக்கத்து மூடியோட படம் இருந்தா போட்டு முடிச்சு விடும்மா,” என்றார் ஸ்டோர்க்காரர். “எப்படியும் அரை மணியில மாட்டத்தானே போற? ஊரே இப்படித்தான் பண்ணுது. நீ மட்டும் என்ன சத்தியத்துக்கே பொறந்தவளா?”

போனில் பக்கத்து மூடியின் படம் இருந்தது. போட்டு அழுத்தினாள். தெரு பச்சையானது. போன உயிர் திரும்பி வந்தது.

வண்டியில் ஏறப் போனவள், கம்பி அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் குரலுக்குப் பின்னால் பேருந்து இரைச்சல்.

“அண்ணே, எங்க இருக்கீங்க?”

“மார்க்கெட் முனையில. நீதான் முடிச்சிட்டியே தாயி! உடனே எனக்கு அடுத்த வேலை வந்துடுச்சு. போகலேன்னா என் நட்சத்திரம் போயிடும்ல?”

“தடுப்பு?”

“அதான் கையிலயே வச்சிருக்கேன். நம்மகிட்ட இருக்கறதே ஒண்ணுதானே?”

நாலு மணிக்குப் பள்ளி விடும். பச்சையைப் பார்த்த பிள்ளைகள் புள்ளிக்காக அந்தத் தெருவுக்குள்தான் திமுதிமுவென்று நுழைவார்கள்.

“திரும்பி ஓடுங்கண்ணே! மூடி இன்னும் போடல!”

“அய்யய்யோ! ஓடினாலும் ஏழெட்டு நிமிஷம் ஆகுமே…”

பள்ளிக்குப் போன் போட்டாள். லைன் பிஸி. மறுபடியும் பிஸி. மணி மூன்று ஐம்பத்தாறு.

செயலியின் அடியில் ஒரு பட்டன் இருந்தது: ‘தவறாக முடித்தேன்’. அதை அழுத்திய ஊழியரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அழுத்தினால் தெரு அந்த நொடியே சிவப்பாகும், பள்ளி வாசலில் வரைபடம் காட்டும் திரையிலும் தெரியும். கூடவே தாமதம், பொய்ப் படம் இரண்டும் அவள் பெயரில் ஏறும்.

ஸ்டோர்க்காரர் எட்டிப் பார்த்தார். “ஏம்மா, பைத்தியமா உனக்கு? அதுக்குள்ள கம்பி போய்ச் சேர்ந்துடுவாருல்ல?”

“சேரலேன்னா?”

மணி மூன்று ஐம்பத்தேழு ஆனது. அழுத்தினாள்.

வண்டி போய்ச் சேர்ந்தபோது தெருமுனையில் பிள்ளைகள் கூட்டமாக நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். “ஆன்ட்டி, இப்பதான் பச்சையா இருந்துச்சு! எங்க பாயிண்ட்டெல்லாம் போச்சு!” என்று ஒரு ரெட்டைச்சடைக்காரி சண்டைக்கு வந்தாள். உள்ளே, தண்ணீருக்கு நடுவில், தடுப்பைக் கட்டிப்பிடித்தபடி கம்பி அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“சுத்திப் போ கண்ணு,” என்றாள் அவள். வண்டியிலிருந்து மூடியை உருட்டி இறக்கினாள்.

மூடி பொருந்தி உட்கார நாலரை ஆனது. ஐந்து அடித்துச் சில நிமிஷத்தில் அதிகாரி கூப்பிட்டார்.

“ஏம்மா, உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே! பட்டியல்ல உன் பேர் இல்ல. பொய்ப் படத்துக்கு விளக்கம் வேற எழுதித் தரணும்.”

“எழுதித் தரேன் சார்,” என்றாள் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே. “இப்ப மூடி நெசமாவே போட்டாச்சு. படம் அனுப்பட்டுமா?”